தெளிவில்லை

நாற்பது மில்லிமீட்டர் விசிறி.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம்.
மதர்போர்டின் நடுவில் உட்கார்ந்து
சிப்செட்டைக் குளிர்விக்கிறேன் பேர்வழி என்று
கொசுவின் பிடிவாதத்தோடு
பகலெல்லாம் சிணுங்கும்.

என் வேலை கேட்பது.
தார்த்து நீதிமன்றத்தின் ஒலிப்பதிவுகளை
எழுத்தாக்கித் தருகிறேன், மணிக்கு இவ்வளவு என்று.
இருமலை விட்டுவிடலாம்.
அழுகையைக் குறிக்கவேண்டும்.
காதில் விழாத இடத்தில் 'தெளிவில்லை' என்று எழுதலாம்.
அடிக்கடி எழுதினால்
அடுத்த கட்டு வேறொருத்திக்குப் போய்விடும்.

பதினேழாம் கோப்பு, நாற்பத்திரண்டாம் நிமிடம்.
கொட்டகை எரிந்த வழக்கு.
சாட்சி ஹெல்வே, தாழ்ந்த குரல்.
"கதவை வெளியிலிருந்து பூட்டியது உங்கள் கணவரா?"
ஹெல்வேயின் பதில் வரவேண்டிய இடத்தில்
என் விசிறி.
அப்புறம் நீதிபதி: "சரி, பதிவாகட்டும்."
இருபது முறை பின்னோக்கி ஓட்டினேன்.
ஒருமுறை 'ஆம்' போல.
மறுமுறை 'இல்லை' போல.

தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.
பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது.
பிறகு வட்டியும் முதலுமாய்க் கத்தியது.

ஆற்றோரம் ரைவோவின் கடை.
பூட்ஸின் பனியை உதறுவதற்குள் சொன்னான்:
"சத்தம் போடாதது எதுவும்
கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பரவாயில்லையா?"
எனக்கு விவாகரத்தானது அவனுக்குத் தெரியாது.

மூன்றை மேஜையில் வைத்தான்.
செம்புக் கட்டி ஒன்று; தூக்கிப் பார்த்தேன்.
நிமிர்ந்து நிற்கும் போர்டில் இது தொங்கினால்
கனத்த கம்மல் மாட்டிய காதுதான்.
இன்னொன்றில் பெரிய விசிறி.
"மெல்லத்தான் சுற்றும், சத்தியம்."
சுற்றுவது எதுவானாலும் ஒருநாள் முனகும்.
மூன்றாவது நீலம். விசிறியே கிடையாது,
சீப்புப் பல்லாய்த் தகடுகள் மட்டும்.
ஆனால் உயரம்;
கிராபிக்ஸ் கார்டின் அடிவயிற்றில் இடிக்கும்.

துளைக்குத் துளை ஐம்பத்தொன்பது மில்லிமீட்டர்.
மகனின் பழைய காம்பஸில் அளந்து
பால் அட்டையில் குத்திக் கொண்டுபோயிருந்தேன்.
நீலத்துக்குத்தான் சரியாக உட்கார்ந்தது.
ஓரத்துப் பல் இரண்டை ரைவோ குறடால் ஒடித்தான்,
தன் பல்லைப் பிடுங்குவதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு.
காசு கேட்கவில்லை, அந்த இரண்டுக்கு.

தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டித் திருகினேன்;
பழைய விசிறி
காய்ந்த ரோஜாநிறப் பசையோடு கையில் வந்தது.
சிப்பின் மேல் அரிசியளவு புதுப் பசை.
நீலத்தை அழுத்தியபோது
இரண்டு ஊசிகளும் 'க்ளிக்'.
கார்டுக்கும் தகட்டுக்கும் நடுவில்
ஒரு நகம் நுழையும்.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை.
போச்சு, கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
திரை வெளுத்தது.
சற்றுப் பொறுத்துத் தகட்டைத் தொட்டேன்,
மூன்று எண்ணுமுன் விரலை எடுத்தேன்.

பதினேழாம் கோப்பு.
"...உங்கள் கணவரா?"
உலர்ந்த நாக்கு அண்ணத்திலிருந்து பிரிகிறது.
மூச்சு.
வார்த்தை இல்லை.
ஆமும் இல்லை, இல்லையும் இல்லை,
இத்தனை நாள் நான் எதைப் பிரித்துக்கொண்டிருந்தேன்?

மறுபடி ஓட்டினேன்.
மூச்சுக்கு அடியில், மிக மெல்ல,
கம்பளி கம்பளியில் உராய்கிறது.
கழுத்துத் துணி, கோட்டின் காலர்.
தலை அசைந்திருக்கிறது.
நீதிபதி கண்ணால் பார்த்தார்,
பதிவாகட்டும் என்றார்.
மைக்குக்குக் கண் கிடையாது.

மேலும் கீழுமா, இடமும் வலமுமா?

மணி பதினொன்று. ஹீட்டர் எரியும் அறையில்
கோட்டைப் போட்டு, பித்தான்களை மாட்டி,
மஃப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி
நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.
'ஆம்' என்று ஆட்டுகிறேன், கேட்கிறேன்.
'இல்லை' என்று ஆட்டுகிறேன், கேட்கிறேன்.